ரொறன்ரோ பல்கலைக்கழக மெய்யியல் துறை: நிகழ்வுகளும் செயற்பாடுகளும்

ரொறன்ரோ பல்கலைக்கழக மெய்யியல் துறை, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1843இல் தொடங்கிய மெய்யியல் கற்பித்தலின் இன்றைய வடிவம். நகர நடுவே சென் ஜோர்ஜ், மேற்கே மிசிசாகா, கிழக்கே ஸ்காபரோ என மூன்று வளாகங்களில் இயங்குகிறது. இளங்கலைப் படிப்புக்கு ஒவ்வொரு வளாகத்திலும் தனி ஏற்பாடு உண்டு. முனைவர் பட்ட மாணவர்கள் மூன்றுக்கும் பொது. ரொறன்ரோவின் கிழக்கு எல்லையை ஒட்டிய பிக்கரிங் நகருக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இல்லை. ரூஜ் ஆற்றைக் கடந்தால் ஸ்காபரோ. ஆகவே பிக்கரிங்வாசிகளுக்கு மிக அருகிலுள்ள மெய்யியல் துறை ஸ்காபரோ வளாகத்தில் இருப்பதுதான். டர்ஹம் பிராந்தியப் போக்குவரத்தின் 900ஆம் இலக்க 'பல்ஸ்' பேருந்து ஒஷாவாவில் புறப்பட்டு, ஏஜக்ஸ், பிக்கரிங் வழியாகக் கிங்ஸ்டன் வீதியைப் பிடித்து அந்த வளாகத்துக்கே போய்ச் சேருகிறது.

ஒரு மெய்யியல் துறைக்கு ஆய்வுகூடம் இல்லை, வயற்களம் இல்லை, மருத்துவமனை இல்லை. அங்கே நடப்பதெல்லாம் பேச்சுத்தான்: வாராந்தச் சொற்பொழிவு, கருத்தரங்கு, வாசிப்பு வட்டம், மாணவர் மாநாடு, அவற்றுக்குப் பின்னால் வரும் வாக்குவாதம். எனவே இத்துறையின் வரலாற்றைப் பேராசிரியர்கள் எழுதிய நூல்களின் வரிசையாகச் சொல்வதைவிட, யார் பேச அனுமதிக்கப்பட்டார்கள், யார் கேள்வி கேட்க முடிந்தது, அதை யார் முடிவு செய்தார்கள் என்று சொல்வதே பொருந்தும். துறையின் முன்னாள் தலைவர் ஜோன் ஸ்லேட்டர் 1843 முதல் 2003 வரையான அதன் வரலாற்றை 2005இல் பெரியதொரு நூலாக வெளியிட்டார். கனடாவில் வேறெந்த மெய்யியல் துறைக்கும் இவ்வளவு விரிவான வரலாறு எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயம்.

குருமாரின் காலம்

பல்கலைக்கழகத்தின் மூல வடிவமான கிங்ஸ் கல்லூரிக்கு 1827இல் அரச பட்டயம் கிடைத்தது. அங்கிலிக்கன் திருச்சபையின் ஜோன் ஸ்ட்ரோன் முயன்று பெற்ற பட்டயம் அது. வகுப்புகள் தொடங்கியதோ பதினாறு ஆண்டுகள் கழித்து, 1843இல். அவ்வாண்டு இங்கிலாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் பீவன் என்ற குருவானவர் இறையியல் பேராசிரியராக அமர்ந்து, மெய்யியலையும் சேர்த்துக் கற்பித்தார். கடவுள் உண்டு என்பதை இயற்கையைக் கொண்டு நிறுவ முயலும் அவருடைய நூல் 1850இல் வெளிவந்தது. ஆங்கிலம் பேசும் கனடாவில் எழுதப்பட்ட முதல் மெய்யியல் நூலாக அதைத்தான் குறிப்பிடுவார்கள். 1850இன் தொடக்கத்தில் கல்லூரி திருச்சபையின் பிடியிலிருந்து எடுக்கப்பட்டு, சமயச் சார்பற்ற ரொறன்ரோ பல்கலைக்கழகமாயிற்று. இறையியல் கதிரை இல்லாமற் போகவே, பீவன் மெய்யியல் கதிரைக்கு மாறி 1871 வரை அதில் இருந்தார். ஸ்ட்ரோன் கோபங்கொண்டு டிரினிற்றிக் கல்லூரி என்று ஒன்றைத் தனியே நிறுவினார். அந்தக் கல்லூரி 1904இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்தக் கதையில் அது மறுபடியும் வரும்.

மேலைநாட்டு மெய்யியலை வகுப்பறையில் கற்பிப்பதில் யாழ்ப்பாணம் ரொறன்ரோவுக்கு மூத்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டைச் செமினறியை 1823இல் தொடங்கினர். கிங்ஸ் கல்லூரி முதல் மாணவரைச் சேர்த்தபோது அதற்கு இருபது வயது. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களைத் தொடங்கியது 1847 டிசம்பர் 31இல், அதாவது பீவன் ரொறன்ரோவில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில். இரண்டு ஊர்களிலும் சமயத்தை வாதத்தால் நிலைநாட்டும் வேலைதான் நடந்தது. வண்ணார்பண்ணையில் அதற்குக் கூட்டம் அதிகம்.

பிக்கரிங்கிலும் ஒரு காலம் கல்லூரி இருந்தது. குவேக்கர் சமயத்தார் நடத்திய பிக்கரிங் கல்லூரி 1878 முதல் இன்றைய ஏஜக்ஸ் எல்லைக்குள் வரும் பழைய பிக்கரிங் கிராமத்தில் இயங்கியது. 1905இல் தீப்பற்றி எரிந்தது. பிறகு நியூமார்க்கட்டில் மீண்டும் கட்டப்பட்டது. பெயர் மட்டும் மாறவில்லை, இன்றும் நியூமார்க்கட்டில் அது பிக்கரிங் கல்லூரிதான். பல்கலைக்கழகக் கல்வி இந்த ஊரில் வேர்கொள்ளாமற் போனதற்கு அந்தத் தீ மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது.

பீவனுக்குப் பின் வந்தவர் ஜோர்ஜ் பாக்ஸ்டன் யங். ஸ்கொட்லாந்துப் பிரஸ்பித்தேரியன் மரபில் வந்தவர். அம்மரபின் நொக்ஸ் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தபோது தம் சபையின் விசுவாச அறிக்கையை இனி மனமார ஏற்க முடியாது என்று 1864இல் வேலையை விட்டவர். பிறகு சில ஆண்டுகள் பாடசாலைகளின் பரிசோதகராக மாகாணம் முழுவதும் சுற்றினார். அவர் எழுதிய கண்டிப்பான அறிக்கைகள் ஒன்ராறியோவின் உயர்நிலைப் பள்ளிச் சட்டத்துக்கு வழிவகுத்தன. ஓய்வு நேரத்தில் ஐந்தாம் படிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் வழிகளைப் பற்றிக் கணித ஆய்விதழ்களுக்கு எழுதினார். 1871 முதல் 1889இல் இறக்கும்வரை பல்கலைக்கழகத்தின் யூனிவர்சிற்றிக் கல்லூரியில் அவர் நடத்திய வகுப்புகளுக்குப் பெரும் பெயர். மனச்சாட்சிக்காக வேலையை விட்ட ஒருவரை அரசுக் கல்லூரி பேராசிரியராக ஏற்றுக்கொண்டதே இத்துறை குருமாரின் கையிலிருந்து விலகியதற்கு முதல் அடையாளம்.

நியமனச் சண்டையும் விளக்குத் தட்டும்

யங் இறந்ததும் யார் அவருடைய இடத்துக்கு என்பதில் பெரிய இழுபறி. அக்காலத்தில் பேராசிரியரை நியமிப்பது மாகாண அரசு. ஒரு கட்சி யங்கின் மாணவரும் ரொறன்ரோப் பட்டதாரியுமான ஜேம்ஸ் கிப்சன் ஹியூமுக்காக நின்றது. சொந்த மண்ணில் படித்தவருக்கே வேலை என்பது அவர்கள் வாதம். பல்கலைக்கழகத் தலைவர் டேனியல் வில்சன் ஆதரித்தவர் பிரின்ஸ்டனில் படித்த அமெரிக்கர் ஜேம்ஸ் மார்க் போல்ட்வின். பத்திரிகைகளில் கடிதப் போர் நடந்தது. மாகாணப் பிரதமர் ஒலிவர் மோவாட் அரசியல்வாதிக்கே உரிய தீர்ப்பைச் சொன்னார்: கதிரையை இரண்டாகப் பிரித்தார். போல்ட்வின் உடனே அளவையியலும் மீவியற்பியலும் கற்பிக்கலாம். ஹியூம் இரண்டு ஆண்டு வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஒழுக்கவியலும் மெய்யியல் வரலாறும் கற்பிக்கலாம். நியமனத்தில் அரசாங்கத்தின் நேரடிக் கை 1906ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒழிந்தது.

போல்ட்வின் வந்த சில மாதங்களில், 1890 பெப்ரவரி 14 மாலை, யூனிவர்சிற்றிக் கல்லூரியில் மாணவர் இலக்கிய அறிவியற் சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடல். நகரப் பிரமுகர்களையும் மாணவர்களையும் ஒரே கூரையின்கீழ் கூட்டும் பெரிய நிகழ்வு அது. மாலை வெளிச்சத்துக்காக ஏற்றிய மண்ணெண்ணெய் விளக்குகளைத் தட்டில் அடுக்கிக் கல்லூரி ஊழியர்கள் மரப்படியில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கால் இடறியது, தட்டுச் சரிந்தது. கட்டடத்தின் கிழக்குப் பகுதி முழுவதும் தீப்பிடித்தது. நூலகத்தின் 30,000க்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. விருந்துக்கு வந்தவர்கள் வீதியில் நின்று பார்த்தார்கள்.

கட்டடத்தை மறுபடி எழுப்பியபோது போல்ட்வின் தமக்குச் சில அறைகள் கேட்டு வாங்கி, அங்கே உளவியல் ஆய்வுகூடம் அமைத்தார். பிரித்தானியப் பேரரசில் அப்படி ஒன்று அமைந்தது அதுவே முதல் முறை. அவர் 1893இல் பிரின்ஸ்டனுக்குப் போய்விட்டார்; ஆய்வுகூடத்தை ஜெர்மனியில் உளவியலாளர் வுண்டிடம் பயின்ற ஔகுஸ்ற் கிர்ஷ்மன் தொடர்ந்து நடத்தினார். அங்கே நிறம், ஒளி ஆகியவற்றின் அழகுணர்ச்சியைப் பற்றி ஆய்ந்த எமா பேக்கர் 1903இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு வேதியியலில் பட்டம் பெற்ற கிளாரா பென்சனோடு சேர்த்து, ரொறன்ரோவில் முனைவரான முதல் இரு பெண்கள் இவர்கள். யூனிவர்சிற்றிக் கல்லூரி பெண்களை மாணவராகச் சேர்த்ததே 1884இல்தான். உளவியல் 1927இல் தனித்துறையாகப் பிரிந்து சென்றது. அதுவரை மெய்யியல் துறைக்குள்தான் கருவிகளும் அளவீடுகளும் இருந்தன என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும்.

லாகூரிலிருந்து ஒருவர்

ஹியூம் 1926 வரை தலைவராக இருந்தார். நீண்ட காலம், ஆனால் சொல்வதற்கு அதிகமில்லை. அவருக்குப் பின் வந்த ஜோர்ஜ் சிட்னி பிரெட்தான் துறைக்கு உருவம் கொடுத்தவர். வேல்சில் பிறந்து ஒக்ஸ்போர்ட்டில் படித்த அவர், 1904 முதல் 1908 வரை லாகூர் அரசினர் கல்லூரியில் மெய்யியல் கற்பித்தார். அங்கிருந்து நேரே டிரினிற்றிக் கல்லூரிக்கு வந்தார். மூன்று பெரும் தொகுதிகளாக அவர் எழுதிய உளவியல் வரலாறு 1912க்கும் 1921க்கும் இடையில் வெளிவந்தது. 1931இல் தொடங்கிய ரொறன்ரோ பல்கலைக்கழகக் காலாண்டிதழின் முதல் ஆசிரியரும் அவர்.

ஒரு கருத்தைப் புரிந்துகொள்ள அது பிறந்த காலத்தையும் அது எந்தக் கேள்விக்கு விடையாக வந்தது என்பதையும் அறிய வேண்டும் என்பது பிரெட்டின் வழி. ரொறன்ரோ மாணவர்கள் பல தலைமுறைகளுக்குப் பிளேட்டோ தொடங்கி வரிசையாகப் படித்தது அவர் போட்ட பாதையில். லாகூரில் நான்காண்டு இருந்த மனிதரின் பாடத்திட்டத்தில் இந்திய மெய்யியலுக்கு இடம் கிடைக்காமற் போனதுதான் உறுத்துகிறது. அந்தக் குறை தீர இன்னும் பல பத்தாண்டுகள் ஆகின.

இதே காலத்தில் வளாகத்தின் மறுபுறம் வேறொரு மெய்யியல் நடந்தது. கத்தோலிக்கரின் சென் மைக்கேல் கல்லூரிக்கு மெய்யியலைத் தன் வழியில் கற்பிக்கும் உரிமை இருந்தது. 1929இல் பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் ஜில்சன் அங்கே இடைக்கால ஆய்வு நிறுவனத்தை அமைத்தார். 1939இல் அது போப்பாண்டவரின் பட்டயம் பெற்றது. பிரெஞ்சு மெய்யியலார் ஜாக் மரித்தேனும் வந்து சொற்பொழிவாற்றினார். இடைக்கால மெய்யியலார் தோமஸ் அக்குவினாசை மூல லத்தீனில் படிக்க உலகெங்குமிருந்து மாணவர் வந்தனர். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு மெய்யியல் துறைகள், ஒன்றின் கருத்தரங்குக்கு மற்றதிலிருந்து அதிகம் பேர் போகாத நிலை, 1970களின் நடுப்பகுதிவரை நீடித்தது. கல்லூரிகளின் துறைகள் எல்லாம் பல்கலைக்கழகத் துறைகளோடு சேர்க்கப்பட்ட பிறகே அந்தச் சுவர் விழுந்தது. அந்த மரபின் தொடர்ச்சியாக இன்றும் இலையுதிர் காலத்தில் இடைக்கால மெய்யியல் கருத்தரங்கு ரொறன்ரோவில் கூடுகிறது. கிரேக்க மூலங்களை வரிவரியாகப் படிக்கும் வட்டமும் நடக்கிறது.

ஒரு கட்டுரை கிளப்பிய புயல்

இத்துறையின் வரலாற்றில் மிகவும் பேசப்பட வேண்டிய சம்பவம் துறைக்கு வெளியே நிகழ்ந்தது. கனடாவின் கலை, கல்வி நிலையை ஆராய அமைக்கப்பட்ட மாசி ஆணைக்குழு, நாட்டில் மெய்யியலின் நிலை பற்றிக் கட்டுரை எழுதும்படி ஹலிபக்சில் இருந்த ஜோர்ஜ் கிராண்டைக் கேட்டது. 1951இல் வெளியான அந்தக் கட்டுரையில், மெய்யியல் கடவுளின் பூரணத்துவத்தை நோக்கிய தேடலாக இருக்க வேண்டும், கனடிய மெய்யியல் துறைகள் அதை மறந்து வெறும் தொழில்நுட்பமாகச் சுருங்கிவிட்டன என்ற கருத்தை அவர் முன்வைத்தார். அப்போது ரொறன்ரோத் துறைத்தலைவர் ஃபுல்டன் ஆண்டர்சன். பிரான்சிஸ் பேக்கனைப் பற்றி எழுதியவர், சமயத்திலிருந்து மெய்யியலை மீட்டதையே தம் துறையின் சாதனையாகக் கருதியவர். அக்காலத்தில் தலைவர் ஓய்வுபெறும்வரை தலைவர்; நாட்டின் பல துறைகளில் யார் வேலை பெறுவது என்பதில் அவருடைய சொல்லுக்குக் கனம் இருந்தது. அவருக்குக் கோபம் வந்தது. கனடாவில் மெய்யியல் பற்றிய கட்டுரைத் தொகுப்பொன்று அவருடைய முன்னுரையோடு 1952இல் ரொறன்ரோப் பல்கலைக்கழக அச்சகத்திலிருந்து வெளிவந்தது.

கதை அதோடு நிற்கவில்லை. 1960இல் யோர்க் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கியபோது கிராண்ட் அங்கே பேராசிரியராக ஒப்புக்கொண்டார். யோர்க் முதல் சில ஆண்டுகள் ரொறன்ரோவின் மேற்பார்வையில், அதன் பாடத்திட்டத்தையே நடத்த வேண்டியிருந்தது. தொடக்க வகுப்புக்குரிய நூல் ரொறன்ரோப் பேராசிரியர் மார்க்கஸ் லோங் எழுதியது. சமயத்தை எள்ளலாக நோக்கும் அந்த நூலைக் கற்பிக்க முடியாது என்று சொல்லி, வகுப்பு தொடங்கும் முன்பே கிராண்ட் விலகினார். அடுத்த ஆண்டு ஹமில்டனிலுள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம் அவரைத் தன் சமயத் துறைக்கு அழைத்துக்கொண்டது.

தமிழருக்கு இதில் என்ன? கிராண்ட் வளர்த்தெடுத்த அந்தச் சமயத் துறை இந்தியச் சிந்தனையை மேலைச் சிந்தனைக்கு நிகராக வைத்தது. கேரளத்தைச் சேர்ந்த ஜோன் அரப்புரா அங்கே கற்பித்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கிருஷ்ண சிவராமனும் அங்கே பேராசிரியரானார். சைவ சித்தாந்தத்தின் அடிப்படைக் கருத்துகளையும் முறையியலையும் மெய்யியல் நோக்கில் ஆராயும் அவருடைய ஆங்கில நூல் 1973இல் வெளிவந்தது. சைவ சித்தாந்த ஆய்வில் இன்றும் தவிர்க்க முடியாத நூல் அது. மெய்கண்டார் வழியை ஒன்ராறியோவில் முறையாகக் கற்பித்த இடம் ரொறன்ரோ மெய்யியல் துறை அன்று, அத்துறையோடு முரண்பட்டு விலகியவர் கட்டிய வீடு. கிராண்ட் சொன்னதெல்லாம் சரி என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் யாருக்கு மேடை கொடுப்பது என்பதை ஒரே தலைவர் முடிவு செய்யும் ஏற்பாட்டினால் ரொறன்ரோ எதை இழந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அகதியும் தொலைக்காட்சியும்

ஆண்டர்சன் காலத்தில் நல்லவையும் நடந்தன. எமில் ஃபக்கன்ஹைம் 1938இல் நாசிகளின் சாக்சன்ஹவுசன் முகாமில் அடைக்கப்பட்டு, விடுதலையாகி ஸ்கொட்லாந்துக்குத் தப்பியவர். 1940இல் பிரித்தானியர் அவரை 'எதிரி நாட்டவர்' என்று பிடித்துக் கனடாவுக்கு அனுப்பி மறுபடியும் முகாமில் வைத்தார்கள். அங்கிருந்து வெளிவந்து 1945இல் ரொறன்ரோவில் முனைவர் பட்டம் பெற்றார். 1948 முதல் 1984 வரை இத்துறையிலேயே கற்பித்தார். ஹெகலைப் பற்றியும் யூத இன அழிப்புக்குப் பின் சமயச் சிந்தனை எப்படி இருக்க முடியும் என்பது பற்றியும் அவர் எழுதியவை உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன. ஈழத்திலிருந்து அகதிகளாக வந்து இந்த நகரத்தை வீடாக்கிக்கொண்டவர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது.

ஆண்டர்சனுக்குப் பின் தலைவரான தோமஸ் கௌஜ் பரிணாமக் கொள்கையைப் பற்றி எழுதிய நூல் 1961க்கான ஆளுநர் நாயகம் விருதைப் பெற்றது. 1967இல் அறிவியல், தொழில்நுட்ப வரலாறும் மெய்யியலும் பற்றிய நிறுவனம் தோன்றியது. டேவிட் கோத்தியே, பாஸ் வான் ஃபிராசன், 1982இல் வந்து சேர்ந்த இயன் ஹக்கிங் போன்றோரால் துறை உலகப் பெயர் பெற்றது. நிகழ்தகவு, பித்து, மனிதரை வகைப்படுத்தும் விஞ்ஞானங்கள் எனத் துறை எல்லைகளைச் சட்டை செய்யாமல் எழுதிய ஹக்கிங், 2009இல் நோர்வேயின் ஹோல்பர்க் பரிசைப் பெற்றார், 2023இல் காலமானார்.

இதற்கிடையில் நகரின் கிழக்கே, ஹைலண்ட் ஓடைப் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஸ்காபரோக் கல்லூரி எழுந்தது. 1965இல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். ஆஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் ஜோன் ஆண்ட்ரூஸ் வரைந்த பெரிய கொங்கிரீட் கட்டடம் இன்றும் வருவோரை ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வைக்கும். சொற்பொழிவுகளில் பெரும்பங்கை உள்ளகத் தொலைக்காட்சி மூலம் நடத்துவது என்ற எண்ணத்தில், ஒளிப்பதிவுக் கூடங்களோடு சேர்த்தே அதைக் கட்டினார்கள். சில ஆண்டுகளில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. திரையில் தெரியும் பேராசிரியரிடம் கை உயர்த்திக் கேள்வி கேட்க முடியாது. மெய்யியல் வகுப்புக்கு அது போதாத வசதி. 2020 மார்ச்சில் பெருந்தொற்று எல்லோரையும் மறுபடி திரைக்கு முன் உட்கார வைத்தபோது, இம்முறை கேட்பவரும் பேச முடிந்ததால் சொற்பொழிவுகள் நின்றுபோகவில்லை.

இந்தியச் சிந்தனையின் தாமதமான வரவு

வங்காளத்தில் பிறந்து ஹார்வர்டில் முனைவரான பிமல் கிருஷ்ண மத்திலால் 1965இல் ரொறன்ரோவுக்கு வந்தார். நியாய மரபினரின் அளவையியலை இன்றைய பகுப்பாய்வு மெய்யியலாரின் மொழியில் பேசவைத்தவர் அவர். இந்திய மெய்யியலுக்கான ஆய்விதழ் ஒன்றை 1970களின் தொடக்கத்தில் நிறுவினார். அவருடைய இருக்கை மெய்யியல் துறையில் இருக்கவில்லை. கீழைத்தேய, சமற்கிருத ஆய்வுகள் பக்கம் இருந்தது. 1970களின் பிற்பகுதியில் ஒக்ஸ்போர்ட் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே அவரிடம் படித்த ஜோனார்டன் கனேரி இன்று ரொறன்ரோ மெய்யியல் துறையிலேயே, மத்திலாலின் பெயர் தாங்கிய பேராசிரியர் பதவியில் இருக்கிறார். மீமாம்சையையும் விசிட்டாத்துவைதத்தையும் ஆராயும் எலிசா ஃபிரெஸ்கியும் அதே துறையில் கற்பிக்கிறார். காஞ்சியின் தூப்புல்லில் பிறந்து தமிழிலும் எழுதிய வேதாந்த தேசிகர், பிரெட் வகுத்த பாடத்திட்டத்தில் இடம் கிடைக்காத அதே துறைக்குள் இப்போது படிக்கப்படுகிறார்.

இன்று நடப்பவை

துறையின் தலைமையகம் புளோர் வீதியும் சென் ஜோர்ஜ் வீதியும் சந்திக்கும் மூலையில், ஜாக்மன் மானிடப் பண்பியல் கட்டடத்தின் நான்காம் தளத்தில் உள்ளது. 1929இல் வைத்தியர்களின் அலுவலகங்களுக்காகக் கட்டிய கட்டடம் அது. செப்டெம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் கல்வியாண்டில் வெளியூர்ப் பேச்சாளரின் துறைச் சொற்பொழிவுகள் நடக்கும். சைமன் நினைவுச் சொற்பொழிவுகள், நடைமுறை மெய்யியலுக்கான ரோஸ்மன் சொற்பொழிவு என்று அறக்கொடையால் நடப்பவையும் உண்டு. பட்டமேற்படிப்பு மாணவர் தாமே கட்டுரைகளைத் தெரிந்து மாநாடு நடத்துகிறார்கள். இளங்கலை மாணவர் 'நோவேசிஸ்' என்ற ஆய்விதழை வெளியிடுகிறார்கள். 2005இல் உருவான ஒழுக்கவியல் மையம் கொள்கை, சட்டம், செயற்கை நுண்ணறிவு பற்றிய கூட்டங்களை நடத்துகிறது. ஸ்காபரோவில் மாணவர் சங்கத்தின் மாலைக் கலந்துரையாடல்களே அதிகம். அங்கே படிப்பவர்களில் பலர் வீட்டிலிருந்து வந்துபோகிறவர்கள் என்பதால், கடைசிப் பேருந்துக்கு முன்பே வாதம் முடிந்தாக வேண்டும்.

ஒரு துறைச் சொற்பொழிவு எப்படி நடக்கும் என்பதைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது விளக்கலாம். ஆங்கிலம் பேசும் நாடுகளின் மெய்யியல் துறைகள் எல்லாவற்றிலும் முறை ஏறத்தாழ ஒன்றே. பேச்சாளர் ஒரு மணித்தியாலம் அளவில் பேசுவார். பலர் எழுதி வந்ததை வாசிப்பார்கள். சிறிய இடைவேளை. பிறகு ஏறக்குறைய அதேயளவு நேரம் கேள்விக்கு. தலைமை தாங்குபவர் கையில் தாள் ஒன்றிருக்கும். புதுக் கேள்வி கேட்க விரும்புகிறவர் கையை உயர்த்துவார், பெயர் பட்டியலில் ஏறும். நடந்துகொண்டிருக்கும் கேள்வியையே தொடர விரும்புகிறவர் ஒரு விரலை மட்டும் உயர்த்துவார்; அவருக்கு வரிசையில் முந்த உரிமை உண்டு. விரலைத் தவறாகப் பயன்படுத்திப் புதுக் கேள்வியைப் புகுத்துகிறவர்களும் இல்லாமல் இல்லை. நல்ல தலைவர் அவர்களைச் சிரித்தபடியே நிறுத்துவார். பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை எதுவும் கிடையாது. பேச்சாளரை வானளாவப் புகழ்ந்து அறிமுகம் செய்யும் நம் ஊர் மேடைப் பழக்கத்துக்கு இது வறட்சியாகத் தோன்றலாம். ஆனால் முதலாண்டு மாணவி எழுப்பும் கேள்விக்கு மூத்த பேராசிரியர் நின்று பதில் சொல்ல வேண்டிய இடம் அது.

அந்தத் திறந்த தன்மைக்கு விலையும் உண்டு. 2023 ஜூன் 28 அன்று, ரொறன்ரோவுக்கு மேற்கே வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பால்நிலை பற்றிய மெய்யியல் வகுப்பொன்றில் புகுந்த ஒருவன் பேராசிரியரையும் இரு மாணவர்களையும் கத்தியால் குத்தினான். மூவரும் உயிர் தப்பினர். வகுப்பு எந்த அறையில் நடக்கிறது என்பதைப் பகிரங்கமாக அறிவிப்பது சரியா என்ற கேள்வி அதன் பிறகு எழுந்தது.

தமிழரும் இத்துறையும்

ஸ்காபரோவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல பின்னர் வீடு வாங்கி ஏஜக்சுக்கும் பிக்கரிங்குக்கும் மார்க்கத்துக்கும் நகர்ந்தன. அவர்களுடைய பிள்ளைகள் ஸ்காபரோ வளாகத்தில் ஏராளம். கணக்கியல், கணினி, உயிரியல் வகுப்புகளில் தமிழ்ப் பெயர்கள் நிறையக் கேட்கும். மெய்யியல் வகுப்பில் குறைவு. வேலை கிடைக்குமா என்ற பெற்றோரின் கேள்வி நியாயமானதுதான். இருந்தும் கல்விக்குச் சமூகமாகப் பணம் கொடுக்கத் தமிழர் தயங்கியதில்லை. ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்காக 2018இல் தொடங்கிய நிதிசேகரிப்பு, 30 இலட்சம் டொலர் இலக்கை 2021இல் எட்டியது. தமிழ்நாட்டு அரசும் அதற்குக் கொடுத்தது. அதற்கு முன்பே, 2006 முதல், செல்வா கனகநாயகம், கவிஞர் சேரன் முதலியோர் முன்னின்று ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் தமிழியல் மாநாடுகளை நடத்தினார்கள். ஆங்கிலப் பேராசிரியரான கனகநாயகம் பணியாற்றிய டிரினிற்றிக் கல்லூரி, பிரெட் லாகூரிலிருந்து வந்திறங்கிய அதே கல்லூரி.

மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கும் காதை ஒரு முழுக் கருத்தரங்கு. மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று அடுக்கி வாதிடும் சிவஞானபோதம் இன்னொன்று. இவற்றை அளவையியல் நோக்கில் பேசும் ஒரு தொடரை ஸ்காபரோவில் நடத்த, தமிழ் இருக்கையும் மெய்யியல் துறையும் ஒரே வளாகத்தில் இருப்பதைவிட வசதியான நிலை வேறெங்கும் அமையாது. கேட்க வேண்டியவர்கள் கேட்டால் நடக்கும்.

துறையின் பொதுச் சொற்பொழிவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 65 வயதை எட்டிய குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிட உரிமை உடையோருக்கும் இளங்கலைப் பாடங்களில் கல்விக் கட்டணத்தை விலக்கும் ஏற்பாடும் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலமாக உண்டு. பிக்கரிங்கில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டிலிருக்கும் ஐயாமாரும் அம்மாமாரும் நடப்பு விதிகளை ஸ்காபரோ வளாகப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டறிந்து, செப்டெம்பர் வகுப்புகளுக்குக் கோடையிலேயே பதிந்துகொள்ளலாம்.